‘வேக்கம்’ பிரசவத்துக்கு 1848-லேயே கருவி செய்த டாக்டர்... யார் இந்த ஜேம்ஸ் யங் சிம்சன்?

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்த தகவல் வந்தால், பையனா பொண்ணா என்ற கேள்விக்கு அடுத்து வருவது சுகப்பிரசவமா, ஆபரேஷனா என்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பதில் ஒன்றும் உண்டு: ‘வேக்கம் வெச்சு எடுத்தாங்க’.

அந்தக் குழந்தையைப் பார்க்க வரும் பாட்டியின் கண் முதலில் போவது தலைக்குத்தான். உச்சியில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். இது தானா சரியாயிடுமா? எண்ணெய் வைத்து உருட்டி விடலாமா? இல்லை, டாக்டரைக் கூப்பிடணுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் 170 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதன் நாயகன் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு பேக்கரிக்காரரின் மகன். பிரசவ வலிக்கு முதன்முதலாக மயக்க மருந்து கொடுத்தவர் என்று உலகம் அவரைத் தெரிந்து வைத்திருக்கிறது. வேக்கம் கருவிக்கு முன்னோடியும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

பேக்கரிக்காரர் வீட்டுப் பிள்ளை

ஜேம்ஸ் யங் சிம்சன் 1811 ஜூன் 7-ம் தேதி ஸ்காட்லாந்தின் பாத்கேட் ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ரொட்டி சுட்டு விற்கும் தொழில். வீட்டில் பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. சிம்சனுக்கு 9 வயதில் அம்மா இறந்துபோக, அக்காதான் வளர்த்தார்.

கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, கடைக்குட்டியை மட்டும் எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நம்ம ஊர் குடும்பங்களில் நடக்கிற அதே கதைதான். 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 18 வயதிலேயே மருத்துவத் தகுதித் தேர்வில் தேறிவிட்டார். 1832-ல் எம்.டி. பட்டமும் கையில் வந்துவிட்டது.

படிக்கும் காலத்தில் ஒரு சம்பவம் அவரை உலுக்கியது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. முழு நினைவோடு இருந்த ஒரு பெண்ணுக்கு மார்பகத்தில் அறுவை சிகிச்சை நடந்ததை நேரில் பார்த்தார். டாக்டர் தொழிலே வேண்டாம், வக்கீலுக்குப் படிக்கலாம் என்று யோசிக்கும் அளவுக்குப் போனவர், பிறகு மனம் மாறித் திரும்பினார்.

1840-ல் எடின்பரோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் பதவி காலியானது. சிம்சனுக்கு அப்போது வயது 28. நகர மன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் சிம்சன் ஜெயித்தார்.

அதே காலத்தில் நம்ம சென்னையிலும் ஒரு மாற்றம் நடந்தது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. பிரசவத்தை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முயற்சி உலகின் பல மூலைகளில் ஒரே நேரத்தில் நடந்தது.

அந்தக் காலத்தில் குழந்தை வெளியே வராவிட்டால்?

சிம்சன் காலத்தில் சிசேரியன் என்பது கிட்டத்தட்ட தாயின் மரணத்துக்குச் சமம். கிருமித் தொற்று பற்றித் தெரியாது, ரத்தம் ஏற்றும் வசதி கிடையாது. குழந்தை பாதி வழியில் நின்றுவிட்டால் டாக்டர் கையில் இருந்த முக்கியமான கருவி இரும்புக் குறடு. ‘ஆயுதம் போட்டு எடுத்தாங்க’ என்று நம்ம ஊர் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அதுவும் முடியாவிட்டால் தாயைக் காப்பாற்ற, வயிற்றில் இருக்கும் குழந்தையின் தலையைத் துளைத்து வெளியே எடுப்பார்கள். படிக்கவே கஷ்டமான விஷயம். ஆனால் அன்றைய பிரசவ டாக்டர்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒரு வேலை அது.

1847 ஜனவரியில் சிம்சன் ஈதர் என்ற மருந்தைப் பிரசவத்தில் பயன்படுத்தினார். அதைவிட நல்லதாக ஒன்று வேண்டும் என்று தேடியவர், அந்த வருஷம் நவம்பர் 4-ம் தேதி இரவு தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், இரண்டு உதவி டாக்டர்களோடு உட்கார்ந்து குளோரோபார்மை மோந்து பார்த்தார். மூன்று பேரும் அங்கேயே சரிந்து விழுந்தார்கள். கண் விழித்ததும், தேடியது கிடைத்துவிட்டது என்று சிம்சனுக்குப் புரிந்தது.

அடுத்த சில நாட்களிலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தின்போது குளோரோபார்ம் கொடுத்தார். அந்தப் பெண்ணின் முந்தைய பிரசவம் மூன்று நாள் நீண்டு, கடைசியில் குழந்தையின் தலையைத் துளைத்துத்தான் எடுத்திருந்தார்கள். இந்த முறை உயிருள்ள பெண் குழந்தை. மயக்க மருந்தின் ஆங்கிலப் பெயரையே அந்தக் குழந்தைக்கு வைத்தார்கள் என்று ஒரு கதை சுற்றும். அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, செல்லப்பெயர் மட்டும்தான். உண்மைப் பெயர் வில்ஹெல்மினா.

மருந்து கொடுத்தாச்சு... அப்புறம் யார் பார்ப்பது?

குளோரோபார்ம் காட்டுத்தீ மாதிரி பரவியது. மூன்று மாதம்கூட முடியவில்லை. 1848 ஜனவரி 28-ம் தேதி இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுக்கும் சின்ன சிகிச்சையின்போது மயக்கத்திலேயே இறந்துபோனார்.

குளோரோபார்ம் காரணம் இல்லை, மயங்கியவர் வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் காரணம் என்பது சிம்சனின் வாதம். லண்டனில் இருந்த டாக்டர் ஜான் ஸ்னோ அதை ஏற்கவில்லை. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதை அளக்க வேண்டும், நோயாளியின் மூச்சையும் நாடியையும் விடாமல் பார்க்க வேண்டும் என்பது அவர் வழி.

1853 ஏப்ரல் 7-ம் தேதி விக்டோரியா ராணியின் எட்டாவது பிரசவத்துக்கு குளோரோபார்ம் கொடுக்க அழைக்கப்பட்டவர் ஸ்னோதான். அன்று பிறந்த இளவரசர் லியோபோல்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் கதை பிறகு வருகிறது.

இந்தச் சண்டை இந்தியா வரைக்கும் வந்தது. 1888, 1889-ம் வருஷங்களில் ஐதராபாத் நிஜாம் செலவில், குளோரோபார்ம் கொடுக்கும்போது மூச்சைப் பார்க்கணுமா, நாடியைப் பார்க்கணுமா என்று கண்டுபிடிக்க இரண்டு ஆய்வுக் குழுக்கள் போட்டார்கள். மூச்சைப் பார்த்தால் போதும் என்று அவை முடிவு சொல்லின. இதயமும் திடீரென நிற்கக்கூடும் என்பது 20-ம் நூற்றாண்டில் உறுதியானது. இரண்டையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது.

1848: தலையில் ஒட்டும் கிண்ணம்

குளோரோபார்ம் புகழின் உச்சத்தில் இருந்தபோதே சிம்சன் இன்னொரு யோசனையில் இறங்கினார். இரும்புக் குறடு குழந்தையின் தலைக்கு இரண்டு பக்கமும் நுழைய வேண்டும். அதற்கு இடம் வேண்டும், தாய்க்குக் காயம் படும். தலையின் மேலேயே ஒட்டிக்கொண்டு இழுக்கும் கருவி இருந்தால்?

ஈரத்தோடு கண்ணாடிமேல் டம்ளரைக் கவிழ்த்தால் ஒட்டிக்கொள்கிறது இல்லையா, அடிப்படை அதுதான். ஒரு கிண்ணம், அதோடு இணைத்த உலோகப் பிஸ்டன் பம்ப். கிண்ணத்தைத் தலையில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் பிடித்துக்கொள்ளும். 1848 டிசம்பரில் எடின்பரோ மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் இதைக் காட்டினார். அடுத்த வருஷம் கட்டுரையாகவும் எழுதினார்.

இந்த யோசனை அவருக்கு முன்பே இருந்தது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளிமத் ஊரில் ஜேம்ஸ் யங் என்ற அறுவை மருத்துவர் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து முயன்று தோற்றிருந்தார். பிரசவத்தில் உண்மையாகவே வேலை செய்யும் கருவியாக அதை மாற்றியவர் சிம்சன்.

ஆனால் கொஞ்ச காலத்திலேயே அவரே அதைக் கைவிட்டார். பிடிப்பு நிலையாக நிற்கவில்லை, அடிக்கடி கழன்றது. சிம்சன் குறடு பக்கமே திரும்பினார். அவர் வடிவமைத்த குறடு இன்றும் அவர் பெயரிலேயே பிரசவ அறைகளில் இருக்கிறது.

வேக்கம் மறுபடி உயிர் பெற 100 வருஷத்துக்கு மேல் ஆனது. 1950-களில் சுவீடன் டாக்டர் டாகே மால்ம்ஸ்ட்ரோம், வாய் குறுகி உள்ளே அகன்ற உலோகக் கிண்ணத்தை உருவாக்கினார். பிறகு மென்மையான சிலிக்கான் கிண்ணம் வந்தது, ஒரு கையில் பிடித்து இயக்கும் பம்ப் வந்தது.

சிம்சன் பார்க்க முடியாமல் போன இடம்

கிண்ணம் தோலைத்தான் பிடித்து இழுக்கிறது. அந்தத் தோலுக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய டாக்டர்களின் கவலை. வேக்கம் குழந்தைக்குத் தலையில் வரும் வீக்கம் மூன்று வகை.

முதல் வகை: கிண்ணம் வைத்த இடத்தில் தோலுக்குள் நீர் கோத்து எழும் மேடு. பிறந்தவுடனே தெரியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும்.

இரண்டாவது வகை: எலும்புக்கும் அதன் மேல் உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுவது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஒரே எலும்பின் எல்லைக்குள் நிற்கும், நடுக்கோட்டைத் தாண்டாது. கரைய சில வாரங்கள் ஆகும். கரையும்போது மஞ்சள் காமாலை கூடலாம் என்பதால் அதைக் கவனிப்பார்கள்.

மூன்றாவது வகை: அரிதானது, ஆபத்தானது. தலைத் தோலுக்கு அடியில் இருக்கும் தடித்த சவ்வுக்கும் எலும்பு உறைக்கும் நடுவில் ஒரு தளர்வான இடம் உண்டு. புருவத்திலிருந்து பிடரி வரைக்கும், பக்கவாட்டில் காது வரைக்கும் அது பரவியிருக்கிறது. இழுக்கும்போது அங்கே உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் கிழிந்தால், ரத்தம் தடையில்லாமல் பரவிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். 3 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவு. அந்தத் தளர்வான இடத்துக்குள் அவ்வளவும் அடங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட தெரியாது. அம்மா பக்கத்தில் குழந்தை அமைதியாகத் தூங்குகிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் வேக்கம் வைத்து எடுத்த குழந்தையைப் பிறந்த சில மணி நேரம் அடிக்கடி வந்து பார்க்கிறார்கள். ரத்தக்கசிவு மெதுவாகவும் நடக்கலாம் என்பதால் முதல் 24 மணி நேரமும், அதற்குப் பிறகும் கண்காணிப்பு தேவை.

என்னென்ன பார்க்கிறார்கள்?

• தலையைத் தொட்டுப் பார்ப்பது: வீக்கம் ஒரே இடத்தில் நிற்கிறதா, பரவுகிறதா? தண்ணீர் நிரப்பிய பை மாதிரி தளும்புகிறதா? இதற்காகத்தான் குல்லாயைக் கழற்றச் சொல்கிறார்கள்.

• தலைச் சுற்றளவு: டேப் வைத்து அளந்து எழுதி, மறுபடி அளப்பார்கள். 1 செ.மீ. கூடினால் தோராயமாக 40 மில்லி ரத்தம் உள்ளே சேர்ந்திருக்கலாம் என்பது மருத்துவக் கணக்கு.

• காது, கண், பிடரி: காது மடல் வெளியே தள்ளிக்கொண்டு வருவது, கண் இமை வீங்குவது, பிடரியில் நீலம் பூப்பது எல்லாம் ரத்தம் பரவுவதன் அடையாளம்.

• இதயத் துடிப்பு, மூச்சு, நிறம்: துடிப்பு நிமிடத்துக்கு 160-க்கு மேலேயே நிற்பது, மூச்சு 60-ஐத் தாண்டுவது, குழந்தை வெளிறிப்போவது, கை கால் சில்லிடுவது.

• பால் குடிப்பது: எழுப்பினாலும் எழாமல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்து, குழந்தையைப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். தேவைப்பட்டால் ரத்தம், ரத்தம் உறைய உதவும் பொருட்கள் ஏற்றுவார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஊசி வைத்து வீக்கத்தை உறிஞ்சி எடுப்பது இதற்குச் சிகிச்சை கிடையாது.

வைட்டமின் கே ஊசி எதற்கு?

பிறந்த குழந்தையின் உடம்பில் ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் அது கொஞ்சம்தான். இந்த வைட்டமினைக் கண்டறிந்த டென்மார்க்கின் ஹென்ரிக் டாமுக்கு 1943-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தை பிறந்ததும் தொடையில் 1 மில்லிகிராம் ஊசியாகப் போடுவது இதைத்தான். எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு அளவு குறையும். எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய ஊசி இது. வேக்கம் குழந்தைக்குத் தவறவே கூடாது.

இப்போது லியோபோல்ட் கதைக்கு வரலாம். குளோரோபார்ம் உதவியோடு பிறந்த அந்த இளவரசருக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் உறையாத பரம்பரை நோய் இருந்தது. 1884-ல் கீழே விழுந்து அடிபட்டு, 30 வயதில் இறந்துபோனார். இது வைட்டமின் கே ஊசியால் சரியாகிற நோய் கிடையாது.

இப்படி ஒரு குறை குழந்தைக்கு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வேக்கம் வைப்பதையே டாக்டர்கள் தவிர்ப்பார்கள். அதனால் தாய்வழிச் சொந்தத்தில் யாருக்காவது, குறிப்பாக ஆண்களுக்கு, சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காத பிரச்சினை இருந்தால், கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே சொல்லிவிட வேண்டும். 34 வாரம் முடியாத குழந்தைக்கும் வேக்கத்தைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

கடைசிக் காலம்

சிம்சனின் கடைசி வருஷங்கள் புகழும் துக்கமும் கலந்தவை. 1866-ல் பிரிட்டிஷ் அரசு பாரோனெட் பட்டம் கொடுத்தது. அதே வருஷம் டாக்டராகிவிட்ட மகனையும், அடுத்து ஒரு மகளையும் பறிகொடுத்தார். பிறந்த ஒன்பது பிள்ளைகளில் பலர் அவர் கண்ணெதிரிலேயே போய்விட்டார்கள்.

அறுவை சிகிச்சையில் நூலால் கட்டுவதற்குப் பதில் ஊசியால் ரத்தக் குழாயை அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் முறைக்காக வருஷக்கணக்கில் வாதாடினார். அது நிலைக்கவில்லை. கிருமித் தொற்றைத் தடுக்க லிஸ்டர் சொன்ன வழியை எதிர்த்தார். அதில் காலம் லிஸ்டர் பக்கம் நின்றது. பெரிய ஆஸ்பத்திரிகளில் கை கால் எடுக்கும் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணி, கணக்கோடு வெளியிட்டதும் அவர்தான். சிகிச்சை முடிந்த பிறகு நோயாளிக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி கடைசியில் அவரையும் பிடித்துக்கொண்டது.

1870 மே 6-ம் தேதி, 58 வயதில் சிம்சன் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். குடும்பம் எடின்பரோவிலேயே, இறந்துபோன பிள்ளைகள் பக்கத்திலேயே அடக்கம் செய்தது. இறுதி ஊர்வலத்தைப் பார்க்க ஊரே தெருவில் நின்றது.

வேக்கம் குழந்தை வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

வேக்கம் என்றதும் பயப்படத் தேவையில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு குறையும்போது, தாய்க்கு முக்க முடியாமல் போகும்போது, சில நிமிடங்களில் உயிர் காக்கும் கருவி அது. பெரும்பாலான குழந்தைகள் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வீடு திரும்புகிறார்கள்.

வார்டில் இருக்கும்போதே மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வைட்டமின் கே ஊசி போட்டாச்சா? தலையில் இருப்பது எந்த வகை வீக்கம்? வீட்டுக்கு அனுப்பும் முன் தலையை மறுபடி பார்த்தாங்களா?

வீட்டுக்கு வந்ததும் தலையை வடிவத்துக்குக் கொண்டுவர எண்ணெய் வைத்து உருட்டுவது, அழுத்துவது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் வேண்டாம். வீக்கம் பெரிதாகிறது, குழந்தை வெளிறுகிறது, பால் குடிக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டர்தான். சந்தேகம் மட்டும் என்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ, 104 எண்ணிலோ கேட்கலாம்.

குல்லாய் போட்டுவிடுவதில் தப்பில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அதைக் கழற்றி, தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி போட்டுவிடுங்கள்.